மூளையில் அறுவை, நெஞ்சில் பழைய வடு: மயக்க மருந்து கொடுப்பவர் எதைப் பார்க்கிறார்?

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931ஆம் ஆண்டு முதல் மின்சார ரயில் ஓடுகிறது. அந்தத் தடத்தில், தாம்பரத்துக்கு முந்தைய நிறுத்தத்தின் பெயர் ‘தாம்பரம் சானடோரியம்’. அன்றாடம் அங்கே ஏறி இறங்குவோரில் பலர் அதை ஓர் ஊர்ப்பெயர் என்றே எண்ணியிருக்கக்கூடும். அது ஒரு மருத்துவமனையின் பெயர். இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுப் பகுதியில் காசநோய் விடுதி நடத்தியவரும், கணித மேதை இராமானுஜனுக்கு அங்கே சிகிச்சை அளித்தவருமான மருத்துவர் சௌரி முத்து, தாயகம் திரும்பி 1928ஆம் ஆண்டில் இங்கே ஒரு காசநோய் விடுதியைத் தொடங்கினார். 1937ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசு அதை ஏற்றது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. நுரையீரல் நோயும் தாம்பரமும் இவ்வாறு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகப் பிணைந்திருக்கின்றன.

தென்னிந்தியாவில் மூளை அறுவை மருத்துவம் அதற்குச் சற்றுப் பின்னர் வந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் ஜேக்கப் சாண்டி 1949ஆம் ஆண்டிலும், சென்னை அரசு பொது மருத்துவமனையில் மருத்துவர் பா. இராமமூர்த்தி 1950ஆம் ஆண்டிலும் இத்துறையைத் தொடங்கினர். அக்காலத்தில் மண்டையோட்டைத் திறந்தபோது அவர்கள் கண்ட கட்டிகளில் கணிசமானவை புற்றுநோய் சார்ந்தவை அல்ல. காசநோய்க் கிருமியால் உண்டான கட்டிகள். கிருமி பெரும்பாலும் முதலில் குடியேறிய இடம் நுரையீரல். ஆகவே, ‘மூளைக்கு அறுவை செய்யவேண்டிய நோயாளியின் நெஞ்சு எந்நிலையில் இருக்கிறது’ என்ற கேள்வி நம் ஊர்களில் தொடக்கத்திலிருந்தே கேட்கப்பட்டு வருவது. இன்றும் மயக்கவியல் மருத்துவர் உங்களிடம் கேட்கும் முதற்கேள்விகளுள் அது ஒன்று.

அக்கேள்விக்கு முழுமையான விடை கிடைத்தால்தான் அறுவை பாதுகாப்பாக நடக்கும். அதனால் ஏன் கேட்கிறோம் என்பதை இக்கட்டுரையில் சற்று விரிவாக விளக்க விரும்புகிறேன்.

மண்டையோடு ஒரு மூடிய பெட்டி. அதனுள் மூளை, குருதி, மூளைத் தண்டுவட நீர் ஆகிய மூன்று மட்டுமே இருக்கின்றன. மூளையின் எடை ஏறத்தாழ 1,400 கிராம். அந்த நீரின் மொத்த அளவு, மூளையைச் சுற்றியும் தண்டுவடத்தைச் சுற்றியும் இருப்பதைச் சேர்த்து, 150 மில்லிலிட்டர் அளவே. பெட்டி விரியாது. உள்ளே ஒரு கட்டி வளர்ந்தால் மற்ற மூன்றில் ஏதேனும் ஒன்று இடம் விட்டுக்கொடுக்க வேண்டும். இடம் தீர்ந்த பிறகு அழுத்தம் விரைவாக ஏறும். காலையில் எழும்போது தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் என்று நீங்கள் வீட்டில் கண்ட அறிகுறிகள் பெரும்பாலும் இதனால் வந்தவையே.

இனி நுரையீரலுக்கு வருவோம். மூளைக்கு நிமிடந்தோறும் ஏறத்தாழ 700 மில்லிலிட்டர் குருதி செல்கிறது. இந்த ஓட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் வல்லது குருதியிலுள்ள கரியமில வாயு. அதன் இயல்பான அழுத்தம் 35 முதல் 45 மில்லிமீட்டர் பாதரச அளவு. அது 40இலிருந்து 80 ஆக உயர்ந்தால் மூளைக்குச் செல்லும் குருதி ஏறத்தாழ இருமடங்காகிவிடும். 20 ஆகக் குறைந்தால் பாதியாகிவிடும். மூடிய பெட்டிக்குள் குருதி பெருகினால் என்னவாகும் என்பதை நீங்களே கணித்துக்கொள்ளலாம். அறுவை மருத்துவர் மண்டையோட்டைத் திறந்ததும் மூளை வெளியே புடைத்துக்கொண்டு நிற்கும்; கட்டியை அணுகவே இயலாது. மறுபுறம், கரியமில வாயுவை மிகவும் குறைத்துவிட்டால் மூளைக்குக் குருதி போதாமற் போகும்.

இந்தக் கரியமில வாயுவை வெளியேற்றும் பொறுப்பு நுரையீரலைச் சேர்ந்தது. மயக்கநிலையில் அந்தப் பொறுப்பை வெண்டிலேட்டர் என்னும் செயற்கைச் சுவாசக் கருவியைக் கொண்டு நாங்கள் ஏற்கிறோம். நுரையீரல் நலமாக இருப்பவருக்கு இது கடினமான வேலை அன்று. நுரையீரல் பழுதுபட்டவருக்கோ, மூளைக்கு நன்மை செய்யும் சுவாசம் நுரையீரலுக்குத் தீங்காகலாம். நுரையீரலுக்கு இதமான சுவாசம் மூளையை வீங்கச் செய்யலாம். மயக்கவியல் மருத்துவர் நடக்கவேண்டிய வரப்பு இவ்விரண்டுக்கும் நடுவே இருக்கிறது. அது சில நோயாளிகளுக்கு அகலமாக இருக்கும். சிலருக்கு ஒரு சாண்கூட இராது.

ஒரு நோயாளியைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 58. திரிசூலம், பல்லாவரம் பக்கத்துக் கல்குவாரிகளில் இளமையில் பல ஆண்டுகள் உழைத்தவர். பீடிப் பழக்கம் இருந்தது. முப்பது வயதில் ‘நெஞ்சில் சளி’ என்று ஆறு மாதம் மாத்திரை உண்டார். அது காசநோய் என்பது மனைவிக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியாது. இப்போது வலது கையில் வலிப்பு வந்து, ஸ்கேனில் மூளையின் இடப்புறம் கட்டி தெரிகிறது. நெஞ்சின் சி.டி. படத்தில் இடது நுரையீரலின் மேற்பகுதி சுருங்கித் தழும்பாகியிருக்கிறது. வலப்புறத்தில் கோழிமுட்டை அளவில் ஒரு காற்றுக்குமிழி.

இந்தக் குமிழி நுரையீரலின் நுண்ணறைகள் சிதைந்து ஒன்றாகிப் பலூன் போல ஆனது. அதன் சுவர் மிக மெல்லியது. நாம் தாமாக மூச்சிழுக்கும்போது காற்று உள்ளே உறிஞ்சப்படுகிறது. வெண்டிலேட்டர் காற்றை உள்ளே தள்ளுகிறது. தள்ளும் அழுத்தம் மிகுந்தால் குமிழி வெடித்து, காற்று நெஞ்சறைக்குள் தேங்கி, நுரையீரலையும் இதயத்தையும் நெருக்கலாம். அதனால் இத்தகையவருக்கு ஒவ்வொரு மூச்சையும் சிறிதாகக் கொடுப்போம். உடல் எடைக்கு ஏற்பக் கிலோவுக்கு 6 முதல் 8 மில்லிலிட்டர் என்பது பொதுவான கணக்கு. இவருக்கு அதன் கீழ்வரம்பை ஒட்டியே நிற்கவேண்டும். மூச்சை வெளிவிடுவதற்கு நீண்ட நேரமும் விடவேண்டும். அப்படிச் செய்தால் கரியமில வாயு மெல்ல ஏறும். மூளை அதை விரும்பாது. முன்சொன்ன வரப்பு இதுதான்.

மயக்கத்துக்குப் பயன்படும் வாயுக்களுள் பழைமையானது நைட்ரஸ் ஆக்சைடு. சிரிப்பூட்டும் வாயு என்று பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். உடலுக்குள் எங்கே காற்றுப்பை அடைபட்டிருந்தாலும், குருதியிலிருந்து அதனுள் விரைந்து புகுந்து அதைப் பெருக்கச் செய்யும் இயல்பு அதற்கு உண்டு. நெஞ்சறையில் தேங்கிய காற்று, இவ்வாயு மிகுதியாகச் செல்லும்போது பத்து நிமிட அளவில் இருமடங்காகக்கூடும். காற்றுக்குமிழி உள்ளவருக்கு இவ்வாயுவைத் தவிர்ப்பதற்குக் காரணம் இதுவே. மாறாக, புரொப்போஃபால் போன்ற மருந்துகளைச் சிரை வழியே இடைவிடாது செலுத்தி மயக்கத்தை நிலைநிறுத்தலாம். மூளையின் அழுத்தத்துக்கும் அது உகந்தது.

அறுவை அரங்கின் அமைப்பையும் சொல்லவேண்டும். வயிற்றில் அறுவை நடக்கும்போது மயக்கவியல் மருத்துவர் நோயாளியின் தலைமாட்டில் நிற்பார். முகமும் மூச்சுக்குழாயும் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். மூளை அறுவையில் தலைமாடு அறுவை மருத்துவருக்கு உரியது. நோயாளியின் முகம் துணிகளுக்கு அடியில் மறைந்திருக்கும். சில அறுவைகளில் அவர் குப்புறப் படுத்திருப்பார். இடையில் குமிழி வெடித்தால் அதைக் கருவிகளின் எண்களைக் கொண்டுதான் முதலில் உணரமுடியும்: காற்றுப் பாதையின் அழுத்தம் ஏறுகிறது, குருதி அழுத்தம் இறங்குகிறது, ஆக்சிஜன் குறைகிறது. அதற்காகவே நெஞ்சில் குழாய் செருகுவதற்கான ஏற்பாடுகளை முன்கூட்டியே அருகில் வைத்துக்கொள்கிறோம்.

கருவிகளின் எண்களையும் அப்படியே நம்பிவிட முடியாது. வெளிவரும் மூச்சில் கரியமில வாயுவை அளக்கும் கருவி ஒன்று உண்டு. நலமான நுரையீரலில் அது காட்டும் அளவுக்கும் குருதியில் உள்ள உண்மையான அளவுக்கும் 2 முதல் 5 அலகு வேறுபாடே இருக்கும். சிதைந்த நுரையீரலில் இடைவெளி அதைவிடப் பன்மடங்கு அகலக்கூடும். கருவி 35 என்று காட்டும்போது குருதியில் 50 இருக்கலாம். எனவே மணிக்கட்டுத் தமனியில் ஒரு மெல்லிய குழாயைப் பொருத்தி, அவ்வப்போது குருதி எடுத்து நேரடியாகப் பரிசோதிக்கிறோம். அறுவைக்குப் பின் கையில் அந்தக் குழாயைக் கண்டு உறவினர் பலர் அஞ்சுவது உண்டு. அதன் பயன் இது.

இதுவரை கூறியது நம் பகுதியில் பரவலாகக் காணப்படும் பழுது. அரியவை சில உண்டு. அவற்றுள் ஒன்றைப் பற்றி மட்டும் விரித்துச் சொல்கிறேன். ஏனெனில் அங்கே நுரையீரலின் குறையே மூளை நோய்க்குக் காரணமாகிறது.

நுரையீரலில் தமனிக்கும் சிரைக்கும் இடையே மயிரினும் நுண்ணிய நாளங்களின் வலை ஒன்று இருக்கிறது. குருதி அதனூடே செல்லும்போது ஆக்சிஜனைப் பெறுகிறது. அந்த வலை ஒரு வடிகட்டியும் ஆகும். சிறு கட்டிகளும் கிருமித் திரள்களும் காற்றுக் குமிழிகளும் அங்கே சிக்கி அழிந்துபோகும். சிலருக்குப் பிறவியிலேயே இவ்வலை ஓரிடத்தில் அமையாமல் தமனியும் சிரையும் நேரடியாக இணைந்துவிடும். வடிகட்டப்படாத குருதி இதயத்தின் இடப்புறத்தை அடைந்து அங்கிருந்து மூளைக்குச் செல்லும். ஈறில் உள்ள கிருமிகூட இவ்வழியே மூளையை எட்டிச் சீழ்க்கட்டியை உண்டாக்கலாம். காதிலோ சைனஸிலோ இதயத்திலோ காரணம் புலப்படாத மூளைச் சீழ்க்கட்டி என்றால், நுரையீரலைத் தேடிப் பார்க்கவேண்டும் என்பது மருத்துவர் அறிந்த விதி.

இக்குறை உள்ளவர்களில் பலர் ஒரு பரம்பரை நோயைச் சேர்ந்தவர்கள். அது ஏறத்தாழ 5,000 பேரில் ஒருவருக்கு இருக்கலாம். சிறுவயது முதல் அடிக்கடி மூக்கில் இரத்தம் வடிதல், உதட்டிலும் நாவிலும் விரல் நுனியிலும் சிறு சிவப்புப் புள்ளிகள், குடும்பத்தில் தாய் தந்தையருள் ஒருவருக்கும் அதே தொல்லை ஆகியவை அதன் அடையாளங்கள். பெற்றோருள் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு. ‘சூட்டு உடம்பு, அதனால் மூக்கில் இரத்தம் வருகிறது’ என்று நம் வீடுகளில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் அது தீங்கற்றதே. ஆனால் மூளை அறுவைக்கு முன் மயக்கவியல் மருத்துவர் குடும்ப வரலாறு கேட்கும்போது அந்தச் செய்தியையும் தவறாமல் கூறுங்கள்.

இத்தகையவருக்கு மயக்கம் கொடுக்கையில் சிரைக்குழாயில் ஒரு சிறு காற்றுக் குமிழிகூட நுழையக் கூடாது. மற்றவருக்கு அது நுரையீரலில் சிக்கிக்கொள்ளும். இவருக்கு நேரே மூளைக்குப் போகலாம். எனவே குழாய்களில் காற்றைத் தடுக்கும் வடிகட்டிகளைப் பொருத்துகிறோம். உட்காரவைத்துச் செய்யும் மூளை அறுவைகளில், திறந்த சிரைகள் வழியே காற்று உறிஞ்சப்படும் ஆபத்து உண்டு என்பதால் அந்நிலையையும் தவிர்க்கிறோம். அவசரம் இல்லாதபோது, நுரையீரலில் உள்ள தவறான இணைப்பை நாளத்தின் வழியே உலோகச் சுருள் வைத்து முதலில் அடைத்துவிட்டு, பின்னர் மூளை அறுவையை மேற்கொள்வதும் உண்டு. வார்டில் துணைக்கு இருப்பவர் செய்யக்கூடியது ஒன்று: ‘டிரிப்’ முடியும் தறுவாயில் செவிலியரை அழையுங்கள்; குழாயை நீங்களே கழற்றவோ மாற்றவோ முயல வேண்டாம். வீடு திரும்பிய பின்னும் பல் மருத்துவரிடம் செல்லுமுன் இக்குறையைச் சொல்லவேண்டும். பல் சிகிச்சைக்கு முன்பே கிருமிக்கொல்லி மருந்து தேவைப்படலாம்.

வேறு அரிய அமைப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு நுரையீரல் மட்டுமே உடையவர்கள் உண்டு, பிறவியிலோ, அறுவையாலோ. இதயம் முதலிய உறுப்புகள் கண்ணாடிப் பிம்பம்போல் இடவலம் மாறியிருப்போர் உண்டு. அவர்களுள் ஒரு சாராருக்குச் சளி வெளியேறாமல் மூச்சுக்கிளைகள் விரிந்திருக்கும். வலது மேல் மடலுக்குரிய மூச்சுக்கிளை, பிரியவேண்டிய இடத்துக்கு மேலேயே பிரிந்துவிட்டவர்களும் உண்டு. ஆடு, மாடு, பன்றிகளுக்கு இதுவே இயல்பான அமைப்பு என்பது ஒரு வியப்பு. மனிதருக்கு இது வாழ்நாள் முழுதும் எத்தொல்லையும் தராமல் இருந்துவிடலாம். ஆனால் மூச்சுக்குழாய் செருகும்போது அந்தக் கிளையின் வாய் அடைபட்டு ஒரு மடல் சுருங்கிவிடும். பழைய நெஞ்சுப் படம் ஒன்று வீட்டில் இருந்தாலும் கொண்டுவாருங்கள் என்று நாங்கள் கேட்பதற்கு இத்தகையவையே காரணம்.

சிலருக்கு முழு மயக்கம் இன்றியே மூளை அறுவையைச் செய்யமுடியும். தலைத்தோலின் நரம்புகளை ஊசியால் மரத்துப்போகச் செய்து, நோயாளி விழித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே கட்டியை அகற்றுவர். மூளைக்குத் தொடுவலி உணர்வு கிடையாது. பேச்சையும் கையசைவையும் காப்பதற்காகத் தோன்றிய இம்முறை, நுரையீரல் பழுதுபட்டவருக்கும் உதவுகிறது. வெண்டிலேட்டர் தேவைப்படாது, குமிழியும் தொந்தரவுக்கு ஆளாகாது. ஆயினும் எல்லாருக்கும் இது பொருந்தாது. மூன்று நான்கு மணி நேரம் அசையாமல் படுத்திருக்கவேண்டும். ஓயாமல் இருமுபவரால் அது முடியாது; ஒவ்வோர் இருமலும் மூளையைப் புடைக்கச் செய்யும். அவர் வீட்டில் எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார், இரவில் எழுந்து உட்கார்ந்து இருமுகிறாரா என்பதை நோயாளியைவிட உடனிருப்பவர் நன்கு அறிவார். ஸ்கேன் காட்டாத செய்தி அது.

இப்போது கற்பனை நோயாளியின் மறைந்த காசநோய்க்குத் திரும்புவோம். ஏன் மறைத்தார்? மகளுக்கு வரன் பார்க்கும் காலம். ‘காசநோய்க் குடும்பம்’ என்று யாரேனும் சொல்லிவிட்டால்? இவ்வச்சம் நம்மிடையே எவ்வளவு ஆழமானது என்பதை நான் அறிவேன். அதை எளிதாகக் கருதவும் இல்லை. ஆனால் 1956ஆம் ஆண்டில் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் மருந்தாய்வு மையம், வீட்டிலிருந்தே மருந்து உண்டவர்களும் விடுதியில் தங்கி உண்டவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைகிறார்கள் என்று 1959ஆம் ஆண்டிலேயே உலகுக்குக் காட்டிவிட்டது. முறையாக மருந்து உண்டு குணமானவரிடமிருந்து நோய் பரவாது.

மறைப்பதால் வரும் இடர்ப்பாடோ மெய்யானது. மூளைக்கட்டியைச் சுற்றியுள்ள வீக்கத்தைக் குறைக்க டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு கொடுக்கிறோம். அது உடலின் எதிர்ப்பாற்றலைத் தணிப்பதால், உறங்கும் காசநோயை எழுப்பிவிடக்கூடும். தற்போது காசநோய் மருந்து உண்பவராக இருந்தால் சிக்கல் இன்னும் கூடும். ரிஃபாம்பிசின் என்ற மருந்து, ஸ்டீராய்டையும் வலிப்புக்கான ஃபெனிட்டாயினையும் உடலிலிருந்து விரைவாக வெளியேற்றி அவற்றின் பயனைக் குறைக்கிறது. ஐசோனியசிட் அதற்கு எதிராக ஃபெனிட்டாயினை உடலில் தேங்கச் செய்கிறது. தேங்கினால் தள்ளாட்டமும் தூக்கமும் வரும். அறுவை முடிந்தவர் தள்ளாடினால், மூளையில் கசிவா, மருந்தின் மிகுதியா என்று எப்படிப் பிரித்தறிவது? உண்ணும் மாத்திரைகளின் பட்டியல் கையில் இருந்தால் விடை பாதி கிடைத்துவிடும். பிள்ளைகள் முன் சொல்லத் தயங்கினால், மயக்கவியல் மருத்துவரிடம் தனியே பேசவேண்டும் என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. நோயாளி கூறியதை அவர் இசைவின்றி உறவினருக்கும் சொல்லக் கூடாது என்பது எங்கள் கடமை.

அறுவைக்கு முந்தைய நாட்களில் பீடி, சிகரெட்டை விட்டுவிடவேண்டும். நான்கு வாரம் கிடைத்தால் நுரையீரல் ஓரளவு தேறும். கட்டி அவ்வளவு காலம் காத்திராது என்றாலும், ஒரு நாள் விட்டாலே குருதியின் ஆக்சிஜன் சுமக்கும் திறன் கூடும். உறிஞ்சும் மருந்தை அறுவையன்று காலையிலும் வழக்கம்போல் எடுத்துக்கொள்ளலாம். திட உணவை 6 மணி நேரத்துக்கு முன்பும், தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்துவது பொது விதி. உங்கள் மருத்துவர் வேறு கூறினால் அதையே பின்பற்றுங்கள். மூச்சுப் பயிற்சி என்று பலூன் ஊதச் சொல்லும் பழக்கம் பரவியிருக்கிறது. காற்றுக்குமிழி உள்ளவரும் மூளையில் அழுத்தம் மிகுந்தவரும் கேட்காமல் அதைச் செய்யவேண்டாம். பந்துகள் மேலெழும்படி மூச்சை மெல்ல உள்ளிழுக்கும் கருவி வேறு. அதை எப்போது தொடங்கலாம் என்பதை இயன்முறை மருத்துவர் சொல்வார்.

அறுவை முடிந்ததும் நோயாளியை உடனே விழிக்கவைத்து, கைகால் அசைவைப் பார்க்க அறுவை மருத்துவர் விரும்புவார். நுரையீரல் தளர்ந்தவருக்குச் சில நேரம் ஓரிரு நாள் வெண்டிலேட்டரிலேயே வைத்திருந்து, பின் மெதுவாக விடுவிப்பது நல்லதாக இருக்கும். தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக்கு வெளியே நிற்கும் குடும்பத்துக்கு அக்காட்சி பேரச்சம் தரும். ‘அறுவை தோற்றுவிட்டதா?’ என்று கேட்பார்கள். இது முன்பே திட்டமிட்டதா, இடையில் நேர்ந்த தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டும் வேறு வேறு. இரண்டுக்கும் தெளிவான விடை பெற உங்களுக்கு உரிமை உண்டு.

கடைசியாக ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். கொரோனாக் காலத்துக்குப் பின் வீடுதோறும் விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி வந்துவிட்டது. அது ஆக்சிஜனை மட்டுமே காட்டும். கரியமில வாயுவைக் காட்டாது. பல்லாண்டு நுரையீரல் நோயாளிகளுள் சிலருக்கு ஆக்சிஜனை மிகுதியாகக் கொடுத்தால் கரியமில வாயு தேங்கிவிடும். அவர்களுக்கு மருத்துவர் வேண்டுமென்றே 88 முதல் 92 என்ற எல்லையை வகுத்திருக்கலாம். வார்டில் 90 என்ற எண்ணைக் கண்டு பதறி, அன்பினால் ஆக்சிஜன் திருகைத் தாமே கூட்டிவிடும் உறவினர்கள் உண்டு. மானி 98 காட்டும், எல்லாரும் நிம்மதியடைவார்கள், நோயாளியோ மெல்ல மெல்ல ஆழ்ந்த உறக்கத்தில் வீழ்வார். மூளை அறுவை முடிந்தவருக்கு அந்த உறக்கம் இருமடங்கு ஆபத்தானது. திருகைத் தொடாதீர்கள். எழுப்பினால் விழிக்கிறாரா, முன்போல் தெளிவாகப் பேசுகிறாரா என்று பாருங்கள். வழக்கத்துக்கு மாறான தூக்கம், காலையில் மிகும் தலைவலி, குழறல், திடீர் மூச்சுத்திணறல், ஒருபக்க நெஞ்சுவலி ஆகியவற்றுள் எது தோன்றினாலும், மானி என்ன எண்ணைக் காட்டினாலும், மருத்துவமனையில் இருக்கையில் உடனே செவிலியரை அழையுங்கள். வீட்டில் இருந்தால் 108க்கு அழைத்து, பழைய நெஞ்சுப் படங்களையும் மாத்திரைச் சீட்டையும் கையோடு எடுத்துவாருங்கள்.